பதினோராவது கேள்வி

தனக்கொடி டீச்சரின் எடை எந்திரத்தில் ஏறி நின்றால் ஐம்பது கிராம்கூடச் சலுகை கிடையாது. குருசுக்குப்பத்தில் கடலை ஒட்டி இருக்கும் கொடிமரத் தெருவில் இது எல்லாத் தாய்மாருக்கும் தெரியும். "செருப்பக் கழட்டு, கொலுசக் கழட்டு, வாயில இருக்கிற முட்டாயத் துப்பு" என்று வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் குழந்தையை மேலே ஏற்றுவாள். எடை குறைந்த குழந்தைகள் அதிகமாகத் தெரிந்தால் மேலிடத்தில் கேள்வி வரும், கொஞ்சம் பார்த்துப் போடக் கூடாதா என்று மேற்பார்வைக்கு வந்த அம்மா ஒருவர் நயமாகச் சொல்லிப் பார்த்தார். "பாத்துத்தாங்க போட்டிருக்கேன்" என்று நோட்டைத் திருப்பிக் காட்டினாள் தனக்கொடி.

பத்தொன்பது வருஷமாக அந்தத் தெருவின் அங்கன்வாடியை அவள்தான் நடத்துகிறாள். பிறந்ததும் அந்தத் தெரு, வாழ்க்கைப்பட்டதும் அதே தெரு. போலியோ சொட்டு மருந்து, வாக்காளர் பட்டியல், ஆடு மாடு எண்ணிக்கை என்று அரசாங்கத்துக்கு எதை எண்ணிப் பார்க்கத் தோன்றினாலும் அவள் மேசையில்தான் ஒரு கட்டுக் காகிதம் வந்து விழும். முனகிக்கொண்டே வாங்கிக்கொள்வாள். ஆனால் ஒரு வீட்டைக்கூட உட்கார்ந்த இடத்திலிருந்து எழுதியதில்லை. டீச்சர் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்பது தெருவில் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. தள்ளாடிக்கொண்டு வருபவன்கூட அவளிடம் மட்டும் எத்தனை குவார்ட்டர் என்று ஒழுங்காகச் சொல்லுவான். அவளுக்கு இருந்த ஒரே கர்வம் அதுதான். அதை இந்த ஆனி மாதம் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டாள்.

அந்த மாதம் வந்த கட்டு கடலைப் பற்றியது. கடல் மட்டம் ஏறிக்கொண்டே வருகிறது, இன்னும் முப்பது வருஷத்தில் நகரத்தின் கரை என்ன ஆகும், இப்போதே என்னென்ன ஏற்பாடு செய்து வைக்க வேண்டும் என்று ஒரு திட்டம் போடுகிறார்களாம். அதற்காகக் கரையோரத் தெருக்களில் வீடு வீடாக விசாரிக்க வேண்டும். மொத்தம் இருபத்துநாலு கேள்வி. பதினோராவது கேள்வி இது: கடந்த பத்து ஆண்டுகளில் உங்கள் வீட்டுக்குள் கடல் நீர் வந்ததுண்டா? வந்திருந்தால் எத்தனை முறை, எவ்வளவு உயரம்?

காகிதம் வந்த மறுநாளே பேச்சு கிளம்பிவிட்டது. தண்ணீர் வந்ததாகச் சொல்லும் வீடெல்லாம் வரைபடத்தில் சிவப்பாம். சிவப்பு என்றால் காலி செய்யச் சொல்லி, கடலை விட்டு உள்ளே, லாஸ்பேட்டைக்கும் அப்பால் எங்கேயோ மாடி வீட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்களாம். காலியான கரையில் ஓட்டல் வருமாம். யார் சொன்னது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, ஆனால் நம்பாதவர் ஒருவரும் இல்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. சுனாமிக்குப் பிறகு வேறு குப்பங்களில் உள்ளே தள்ளிக் குடிவைத்த சனம், விடியற்காலையில் கடலுக்கு வர ஷேர் ஆட்டோவுக்காக வலையும் கையுமாக நின்றதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள்.

தெருப் பஞ்சாயத்துக்குப் பெரியவர் தெய்வசிகாமணி. தனக்கொடிக்கு மாமா முறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாரியம்மன் கோயில் முன்னால் தெருச் சனத்தைக் கூட்டினார். "எவன் வந்து கேட்டாலும் சரி, எவ வந்து எழுதுனாலும் சரி" என்று சொல்லும்போது தனக்கொடியை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "நம்ம வாயால தண்ணி வந்துச்சுன்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது. வரல. அவ்ளோதான்."

பிறகு கற்பூரம் ஏற்றினார்கள். வீட்டுக்கு ஒருவராக வந்து அதன் மேல் கை நீட்டிச் சத்தியம் செய்ய வேண்டும். அறுபத்திரண்டு வீடு, அறுபத்திரண்டு கை. கோயிலுக்குப் பின்வீட்டுக் கிளோதின் முதலில் சிலுவை போட்டுக்கொண்டு, அப்புறம் கற்பூரத்தின் மேல் கையை நீட்டினாள். அந்தத் தெருவில் அதை யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை. சத்தியத்தை மீறிய வீட்டுக்குத் தெருவில் நல்லது கெட்டதுக்கு அழைப்பு கிடையாது. போட்டைக் கரையேற்ற ஒரு கைகூட வராது. தனக்கொடியின் புருஷன் ஹரிகிருஷ்ணன் கடலில் இருந்ததால் அவர்கள் வீட்டுக்கு அவளே போய்க் கையை நீட்டினாள். அரசாங்கக் காகிதம்தானே, எங்கேயோ பீரோவில் தூங்கப் போகிறது, ஒரு 'இல்லை' எழுதினால் என்ன குடிமுழுகிவிடும் என்று அப்போது நினைத்தாள்.

நினைத்ததென்னவோ சுலபமாக இருந்தது. வீடு வீடாக உட்கார்ந்து எழுதும்போது அப்படி இருக்கவில்லை. பத்தாவது கேள்வி வரை வாயடித்தவர்கள் பதினோராவது வந்ததும் தரையைப் பார்த்தார்கள். கிளோதின் வீட்டுச் சுவரில் புதிதாக நீல பெயிண்ட் அடித்திருந்தது. முழங்கால் உயரத்தில் அந்த பெயிண்ட் உப்புப் பூத்துக் கொப்பளம் கொப்பளமாகப் பொரிந்து நின்றது. கிளோதின் அந்த இடத்தை முந்தானையால் மறைத்துக்கொண்டு நின்று, "இல்ல டீச்சர், வரல" என்றாள். அவள் இடுப்பில் இருந்த மூன்று வயது ஏஸ்தெல், "வந்துச்சு, மீனு வந்துச்சு" என்றது. இரண்டு பெண்களும் அதைக் காதில் வாங்காத மாதிரி இருந்தார்கள். தனக்கொடி 'இல்லை' என்று எழுதினாள். தன் வீட்டுப் படிவத்தையும் அன்றைக்கே நிரப்பினாள். 'இல்லை'. கீழே கையெழுத்து.

புரட்டாசி பிறந்ததும் திட்டத்தின் வரைபடத்தைக் கொண்டுவந்து ஒட்டினார்கள். ஒட்டிய இடம் வேறெங்கும் இல்லை, அவளுடைய அங்கன்வாடிச் சுவர்தான். தெற்கே சிவப்பு, வடக்கே சிவப்பு, நடுவில் கொடிமரத் தெரு மட்டும் பசேலென்று இருந்தது. கீழே விளக்கம் போட்டிருந்தார்கள்: பச்சை, கடல் நீர் புகாத பகுதி. தெய்வசிகாமணி மாமாவுக்கு வாயெல்லாம் பல். கூடியிருந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார்.

எல்லோரும் போன பிறகு தனக்கொடி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தாள். கரையோரம் தடித்த கறுப்புக் கோடு ஒன்று ஓடியது. புதிதாகக் கட்டப்போகும் உயரமான கல் அணை. அது தெற்குத் தெருவின் கடைசி வீட்டோடு நின்றது. கொடிமரத் தெருவைத் தாண்டி ஐஸ் கம்பெனிப் பக்கம் மறுபடி தொடங்கியது. மழைநீர் வாய்க்கால் வழியாகக் கடல் ஏறாமல் இருக்க வாய்க்கால் வாயில் இரும்புக் கதவு வைக்கப் போகிறார்களாம். தெற்கு வாய்க்காலுக்கு ஒன்று, வடக்கு வாய்க்காலுக்கு ஒன்று. அங்கன்வாடிக்குப் பின்னால் ஓடும் இவர்கள் வாய்க்காலுக்கு ஒன்றும் இல்லை. எச்சரிக்கைச் சைரன் இல்லை, மேடான தங்குமிடம் இல்லை. தண்ணீரே வராத தெருவுக்கு அதெல்லாம் எதற்கு?

தெற்கே கல் விழுந்தால் வடக்கே மண் போகும் என்பதைத் தெரிந்துகொள்ள அந்தக் கரையில் யாரும் படிக்க வேண்டியதில்லை. கல்லில் மோதிய அலை கல் முடிகிற இடத்தில் வந்து இறங்கும். இரண்டு பக்கமும் கல்லைக் கட்டி நடுவில் நூற்றெண்பது மீட்டர் வழி விட்டால் கடல் வேறெங்கே போகும்? இத்தனை நாளும் மூன்று தெருவுக்குப் பிரிந்து வந்த தண்ணீர் இனி ஒரே தெருவுக்கு வரும். அந்த வழியைத் திறந்து வைத்தது அறுபத்திரண்டு 'இல்லை'. அத்தனையும் அவள் கையெழுத்து.

வரைபடத்தின் அடியில், அக்டோபர் பதினாறாம் தேதி மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம், ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம், அதன்பிறகு திட்டம் முடிவாகும் என்று போட்டிருந்தது.

அன்று மாலையே தெய்வசிகாமணி வீட்டுக்குப் போனாள். அவர் வாசலில் வலைக்கு ஈயக்குண்டு கோத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, படத்தப் பாத்தீங்களா? நம்ம தெருவுக்குக் கல்லே இல்ல."

"கல்லுதான? அப்புறமா மனு குடுத்து வாங்கிக்கலாம்."

"தண்ணியே வரலன்னு எழுதிக் குடுத்துட்டு எந்த மொகத்த வச்சிக்கிட்டு மனு குடுக்கிறது? கூட்டத்துல உண்மையச் சொல்லிடலாம் மாமா."

அவர் ஈயக்குண்டைக் கீழே வைத்தார். "தனக்கொடி, எந்தங்கச்சி புருஷனுக்கு சுனாமிக்கப்புறம் உள்ள தள்ளி வூடு குடுத்தாங்க. மூணு வருஷம் அவனும் பஸ்ஸு ஏறி வந்து பாத்தான். அப்புறம் போட்ட வித்துட்டு ஒரு கடையில வாட்ச்மேனா நின்னான். கடலப் பாக்காம செத்தான். தண்ணி வந்தா வழிச்சிக் கொட்டிட்டு இங்கியே கெடக்கலாம். வூடு போனா இன்னா பண்ணுவ?" ஈயக்குண்டை மறுபடி கையில் எடுத்தார். "கற்பூரத்துல கைய வச்சிருக்க. ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

அவர் மேல் கோபப்படக்கூட அவளால் முடியவில்லை. வீட்டில் ஹரிகிருஷ்ணனும் அதையேதான் சொன்னான். "நீ போய்ச் சொல்லிட்டீன்னா நாளைக்கு நான் போட்ட யார வச்சி இழுக்கிறது? உன் வேலயும் போயிடும். பொய் எழுதுனவளுக்கு எவன் டீச்சர் வேல குடுப்பான்?" இரண்டும் நியாயம்தான். அதன்பிறகு வகுப்பில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போதே காது பின்பக்க வாய்க்காலில் இருந்தது. எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எட்டிப் பார்த்தாள். உதவிக்கு இருந்த சந்திரகலா, "இன்னா டீச்சர், எதுனா தொலச்சிட்டீங்களா?" என்றே கேட்டுவிட்டாள்.

கூட்டத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பௌர்ணமி வந்தது. வெயில் சுள்ளென்று அடித்த காலை, பத்து மணி. மழையும் இல்லை, காற்றும் இல்லை, புயல் என்ற பேச்சே இல்லை. எங்கேயோ நடுக்கடலில் கிளம்பிய பெரிய அலை, பௌர்ணமி ஏற்றத்தோடு சேர்ந்து வந்திருக்கிறது. வாய்க்கால் பின்னோக்கி ஓடியது. கறுத்த சாக்கடையும் கடலும் கலந்து அங்கன்வாடியின் பின்கதவு வழியாக உள்ளே வந்தது. தனக்கொடியும் சந்திரகலாவும் குழந்தைகளை ஆளுக்கு இரண்டாக அள்ளி, மேசை மேலும் எதிர்வீட்டு மேட்டுப் படியிலும் கொண்டுபோய் ஏற்றினார்கள். தனக்கொடி எண்ணினாள். இருபத்தொன்று. காலையில் வருகைப் பதிவு போட்டது இருபத்திரண்டு.

மறுபடி எண்ணினாள். மறுபடியும் இருபத்தொன்று.

"ஏஸ்தெல்!" என்று கத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். கழிப்பறைக் கதவு வெளிப்பக்கம் திறப்பது. தண்ணீர் அதை அழுத்திக்கொண்டு நின்றது. காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு இழுத்தாள். ஒரு சாண் திறந்த இடுக்கில் கையை விட்டுத் துழாவினாள், தலைமயிர் கிடைத்தது, தோள் கிடைத்தது, இழுத்து வெளியே போட்டாள். கழிப்பறைத் தரை பள்ளம், தண்ணீர் குழந்தையின் மார்புக்கு வந்திருந்தது. அழவில்லை. "டீச்சர், நான் கதவத் தட்டுனேன்" என்று மட்டும் சொன்னது. தனக்கொடிதான் அழுதாள்.

தண்ணீர் ஒரு மணி நேரத்தில் வடிந்துவிட்டது. கிளோதின் ஓடி வந்து பிள்ளையை வாங்கி மாரோடு அணைத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது தனக்கொடிக்கு.

மத்தியானம், வழக்கம்போல எடைப் பதிவேட்டை எடுத்துக் குறிப்புப் பத்தியில் எழுதினாள்: 'கடல் நீர் மையத்துக்குள் 41 செ.மீ. இன்று எடை எடுக்கவில்லை.' எழுதி முடித்ததும் கை அப்படியே நின்றது. பக்கங்களைப் பின்னால் புரட்டினாள். போன வருஷப் புயலில் ஒரு வரி. அதற்கு முந்தின ஆடியில் ஒரு வரி. 'கதவு எண் 14, வீட்டில் கடல் நீர், குழந்தை வெளியூரில்.' 'கதவு எண் 2 முதல் 9 வரை தண்ணீர், யாரும் வரவில்லை.' பழைய பதிவேடுகளையும் பீரோவிலிருந்து இறக்கினாள். பத்து வருஷத்தில் பதினேழு இடத்தில் தண்ணீர் வந்திருந்தது, தேதியோடு. எடை ஏன் எடுக்கவில்லை என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று எழுதி வைத்தது. அந்த வரிகளை எழுதியவளும் அவள்தான், அந்த அறுபத்திரண்டு 'இல்லை'யை எழுதியவளும் அவள்தான்.

அக்டோபர் பதினாறாம் தேதி பதிவேடுகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போனாள். ஹரிகிருஷ்ணன் தடுக்கவில்லை, கூடவும் வரவில்லை. மண்டபத்தில் கொடிமரத் தெருக்காரர்கள் பின்வரிசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தெய்வசிகாமணி. மேடையில் திட்டத்துப் பொறியாளர் ஹேமலதா, முப்பது வயதுக்குள் இருப்பாள், மைக்கை வாய்க்குக் கிட்டப் பிடிக்கத் தெரியாமல் பேசிக்கொண்டிருந்தாள். ஆட்சேபணை உண்டா என்று கேட்டதும் தனக்கொடி எழுந்தாள். பேசாமல் போய்ப் பதிவேடுகளை மேசையில் வைத்து, அடையாளம் வைத்த பக்கங்களைத் திறந்து காட்டினாள். வாயைத் திறக்காமலே காரியம் முடிந்துவிடாதா என்று ஒரு நப்பாசை.

ஹேமலதா படித்தாள். பிறகு தன் காகிதக் கட்டிலிருந்து படிவம் ஒன்றை உருவிப் பக்கத்தில் வைத்தாள். "ரெண்டும் உங்க கையெழுத்துதான? இதுல தண்ணி வந்ததுன்னு இருக்கு. இதுல வரலன்னு இருக்கு. எது உண்மை?"

திரும்பிப் பார்க்காமலே முதுகில் அறுபத்திரண்டு வீட்டையும் உணர்ந்தாள் தனக்கொடி. "நோட்டுல இருக்கிறது உண்மை. ஃபாரத்துல இருக்கிறது பொய். நாந்தான் எழுதுனேன்."

பின்னால் நாற்காலிகள் கிறீச்சிட்டன. யாரோ, "அடிப்பாவி" என்றார்கள்.

"ஏன் அப்படி எழுதுனீங்க?"

"செவப்பு ஆயிட்டா வூட்டக் காலி பண்ணச் சொல்லிடுவீங்கன்னு பயம். சொல்வீங்களா?"

ஹேமலதா மைக்கைக் கீழே வைத்துவிட்டாள். "இந்தத் திட்டத்துல அப்படி இல்லங்க. செவப்புன்னா மொதல்ல கல்லு, மொதல்ல கதவு, மொதல்ல சைரன். ஆனா முப்பது வருஷம் கழிச்சி எப்படி இருக்கும்னு என்னால வாக்குக் குடுக்க முடியாது. அத உங்களோட உக்காந்துதான் பேசணும். தண்ணி எங்க வருதுன்னே தெரியாம நான் இன்னாத்தப் பேசுறது?" பேனாவை எடுத்தாள். "பதினோராவது கேள்விய மட்டும் இப்பவே திரும்பக் கேக்கிறேன். கதவு எண் ஒண்ணு. உங்க வூடு. தண்ணி வந்துச்சா?"

"வந்துச்சு" என்றாள் தனக்கொடி. "மூணு தடவ. முழங்காலுக்கு மேல நாலு விரக்கட."

சத்தியம் உடைந்தது. உடைந்த பிறகு அவளுக்குப் பயம் குறையும் என்று நினைத்தாள். குறையவில்லை. நாளைக்குப் போட்டை யார் இழுப்பார்கள், இந்தப் பெண் எழுதிக் கொடுக்கும் அறிக்கையில் தன் வேலை இருக்குமா என்றுதான் மனசு ஓடியது.

"கதவு எண் ரெண்டு. தெய்வசிகாமணி."

பெரியவர் எழுந்தார். அவர் பார்வை தனக்கொடி மேல் இல்லை. பின்வரிசையின் ஓரத்தில், ஏஸ்தெலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கிளோதின் மேல் இருந்தது. வாயால் சொல்லக் கூடாது என்று சொன்னவர் அவர்தான். வாயைத் திறக்கவில்லை. மெதுவாகக் குனிந்து, உள்ளங்கையைத் தன் முழங்காலில் வைத்துக் காட்டினார்.

ஹேமலதா எழுதப் போனாள்.

"இல்லீங்க, எழுதாதீங்க" என்றாள் தனக்கொடி. அவளுக்கே தன் குரல் பழைய குரலாகக் கேட்டது. "மாமா, முட்டி இல்ல. உங்க வூடு பள்ளம். கட்டிலத் தூக்கி உத்தரத்துல கட்டுனமே, நானும்தான வந்து புடிச்சேன்."

பெரியவரின் கை முழங்காலை விட்டு எழுந்தது. தொடையில் ஒரு நிமிஷம் தயங்கியது. இடுப்புக்கு வந்து நின்றது.

தனக்கொடி துணிப்பையிலிருந்து, குழந்தைகளுக்கு உயரம் பார்க்கும் டேப்பை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள். கீழே உட்கார்ந்து டேப்பின் நுனியைத் தரையில் அழுத்தினாள்.

"செருப்பக் கழட்டுங்க மாமா."

அவர் கழட்டினார்.

"எண்பத்தாறு" என்றாள் தனக்கொடி. "எழுதிக்குங்க."

பின்வரிசையில் கிளோதின் பிள்ளையைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, செருப்பைக் கழட்டிக்கொண்டிருந்தாள்.